சர்க்கரைப் பூசணியைச் சுட்டுக் கொடுங்கள்

கம்பம் பள்ளத்தாக்குத் தம்பதிகளே!

அந்தி சாய்ந்ததும் குழந்தை தட்டுத் தடுமாறி நடக்கிறதா? அது மாலைக்கண்ணாக இருக்கலாம். வைட்டமின் ஏ குறைந்தால் வருவது.

மஞ்சள் சதையுள்ள சர்க்கரைப் பூசணியில் அதற்கான சத்து உண்டு. வெள்ளைப் பூசணியில் கிடையாது. முற்றின காயாகப் பார்த்து வாங்குங்க. விதையை எடுத்துவிட்டு, விரல் கனத்துக்குக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்கச் சுடுங்க. கொஞ்சம் கடலெண்ணெய் கட்டாயம் விடணும். எண்ணெய் இருந்தால்தான் இந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். கம்பங்கூழுக்கும் தொட்டுக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைக்கு மிளகாய் வேண்டாம், மசித்துக் கொடுங்க.

“மாசமா இருக்கிறவளுக்குப் பூசணி குளிர்ச்சி” என்பார் மாமியார். பயமின்றிச் சாப்பிடலாம்.

கண் ஏற்கெனவே மங்கியிருந்தால் பூசணியை மட்டும் நம்பாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. 9 மாதம் முதல் 5 வயது வரை, 6 மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ மருந்து அங்கே இலவசம்.