வளர்ப்பைக் குறை சொல்லாதீர்கள்!

என் அக்கா மகனுக்கு எட்டு வயது. இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்து ஓடி விடுவான். பள்ளியில் தினமும் புகார். "புள்ளைய வளத்த லட்சணத்தைப் பாரு" என்று மாமியார் ஏச, அக்கா ராத்திரியெல்லாம் அழுவாள்.

கடைசியில், குழந்தை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். 'ஏ.டி.எச்.டி., என்ற கவனக்குறைவுப் பிரச்னை இது. மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், பிள்ளைக்குப் பிள்ளை இதில் உள்ள வித்தியாசத்துக்கு 70 - 80 சதவீதம் பரம்பரையே காரணம் எனத் தெரிந்துள்ளது. ஒரே ஒரு மரபணுவால் வருவதல்ல. 2023ல் வந்த ஆய்வு, மரபணுத் தொகுப்பில் 27 இடங்களைக் காட்டியது. குறை மாதத்தில் பிறந்தாலும், பிறந்தபோது எடை குறைந்தாலும் வாய்ப்பு கூடும். தாய் கொடுத்த செல்லமோ, இனிப்போ காரணமில்லை' என்றார்.

"வீட்டில் வேறு யாராவது இப்படி இருந்தார்களா?" என்று கேட்டார். மச்சான் தலைகுனிந்து, "நானே அப்படித்தானுங்க. அடி தாங்காம எட்டாவதோட நின்னு, லாரி பட்டறைக்குப் போயிட்டேன்" என்றார். கூட வந்திருந்த மாமியார் வாயே திறக்கவில்லை.

இப்போது, பேரன் பக்கத்தில் உட்கார்ந்து, பத்துப் பத்து நிமிடமாக எழுத வைப்பதே அவர் தான்!

சகோதரிகளே... இப்படிப்பட்ட பிள்ளையை அடிக்காதீர்கள்; மருத்துவரிடம் காட்டுங்கள். 2013ல் துவங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், அரசு பள்ளிகளில் பார்க்கும் குறைபாடுகளில் இதுவும் ஒன்று. பெற்றவளைப் பழிப்பதால், எந்தப் பிள்ளையும் குணமாகாது.

— ஒரு சித்தி, நாமக்கல்.