செடிக்கு நீர் வார்த்தல்: சில பிழையான நம்பிக்கைகள்

வீட்டு முற்றத்திலே ஒரு செடியேனும் நட்டு வளர்க்காத குடும்பம் யாழ்ப்பாணத்தில் அரிது. கிணற்றடியில் வாழையும் கமுகும், வேலியோரத்தில் முருங்கையும், அடுக்களைக்கு அண்மையில் கறிவேப்பிலையும், முன்முற்றத்தில் செவ்வரத்தையும் நிற்கக் காண்கின்றோம். இவற்றுக்கு நீர் வார்க்கும் பணி பெரும்பாலும் சிறுவர்க்கும் முதியோர்க்கும் உரியது. ஆதலின் அப்பணியோடு சேர்ந்த விதிகள் நூல்வழியாக வாராது வாய்வழியாகவே வருகின்றன. அவ்விதிகளுட் பல, நீண்ட அனுபவத்தின் பயனாய் அமைந்தவை. சில, வெறும் மயக்கங்கள். வேறு சிலவோ முடிவு சரியாயிருக்கக் காரணம் பிழையாயிருப்பவை. இம்மூவகையையும் பிரித்தறிய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மயக்கங்களுக்கெல்லாம் தாயாய் நிற்பது, நீரே செடியின் உணவு என்னும் எண்ணம். இதனைப் பாமரர் மாத்திரம் கொண்டனர் என்று கருதற்க. பெல்சிய நாட்டவரான வான் எல்மொன்ற் என்னும் அறிஞர், உலர்த்திய மண் 200 இறாத்தலை ஒரு பெருஞ்சாடியில் இட்டு, 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை அதில் நட்டு, 5 ஆண்டுகள் நீர் மாத்திரமே வார்த்து வந்தார். முடிவில் மரத்தின் நிறை ஏறத்தாழ 169 இறாத்தலாயிற்று. மண்ணோ ஏறத்தாழ 2 அவுன்சே குறைந்திருந்தது. ஆகவே மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டாயிற்று என அவர் முடிவுசெய்தார். அவர் இறந்தபின் 1648ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் இச்செய்தி உள்ளது. நிறுத்தல் அளவை சரியே, முடிவுதான் பிழை. மரம் தன் உடலைக் கட்டுதற்கு வேண்டிய காபனைக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்து பெறுகின்றது என்பதை அவர் அறிந்திலர். வேர் உறிஞ்சும் நீரில் 100இல் 95 பங்கிற்கு மேற்பட்டது, ஆவியுயிர்ப்பினால் இலைவாய்களின் வழியே வெளியே போய்விடுகின்றது. எனவே, நீரை மிகுதியாக வார்த்தால் வளர்ச்சியும் மிகும் என எண்ணுதல் தவறு.

மிகுநீர் பயனற்றது மாத்திரமன்று, தீங்கும் விளைப்பது. வேரும் உயிருள்ள உறுப்பே. அது சுவாசித்தற்கு ஒட்சிசன் வேண்டும். மண்துணிக்கைகளுக்கு இடையேயுள்ள வெளிகளில் காற்று நிற்பதனாலேயே வேர் உயிர்வாழ்கின்றது. அவ்வெளிகள் யாவும் நீரால் நிரம்பிய நிலை நீடித்தால் வேர் மூச்சடைத்து இறக்கும். அழுகலை உண்டாக்கும் பங்கசுக்களும் அதனைத் தாக்கும். யான் இதனைக் கற்றது நூலிலிருந்து அன்று. துளையிடாத வாளி ஒன்றில் கறிவேப்பிலைக் கன்று ஒன்றை நட்டு, அதன் இலை வாடுந்தோறும் நீர் வார்த்தேன். வார்க்க வார்க்க அது மேலும் வாடியது. யானும் மேலும் வார்த்தேன். ஈற்றிலே கன்றைப் பிடுங்கியபோது வேர் கறுத்து நாற்றம் வீசிற்று. நீர் நடுவே நின்றும், அதனை உறிஞ்சும் வேரின்றி அக்கன்று தாகத்தால் இறந்தது என்க.

இதிலிருந்து, வாடுதல் எல்லாம் நீர்க்குறையின் அறிகுறி அன்று என்பது பெறப்படும். பூசணி, பாகல் முதலிய அகன்ற இலையுடைய கொடிகள் நண்பகலில் துவண்டு தொங்குதலைக் காணலாம். அப்பொழுது இலை இழக்கும் நீரின் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க இயலாமையே காரணம்; மண்ணில் ஈரம் போதிய அளவு இருக்கவும் கூடும். வெயில் தாழ அவை தாமே நிமிரும். விடியற்காலையிலும் துவண்டு நிற்கும் செடியே ஆராயத்தக்கது. அதற்கும் உடனே நீர் வார்த்தல் கூடாது. இரண்டு அங்குல ஆழம் மண்ணை விரலாற் கிளறி, உலர்ந்திருப்பின் வார்க்க வேண்டும். ஈரமாயிருப்பின் நோய் வேரிலோ தண்டிலோ உள்ளது எனக் கொள்ளல் வேண்டும்.

இனி, யாவருங் கேட்டுள்ள விதியொன்றுக்கு வருவோம். உச்சிவெயிலில் இலைமீது நீர் பட்டால், நீர்த்துளி குவிவு வில்லைபோல் நின்று சூரிய ஒளியை ஒருமுகப்படுத்தி இலையைச் சுட்டுவிடும் என்பது அது. ‘உச்சிக்குத் தண்ணி வார்த்தால் செடி அவிஞ்சு போகும்’ என்று ஆச்சி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் யான். பின்னர் ஆசிரியனாகி, வில்லைகளைப் பற்றிய பாடத்திலே இதனையே ஓர் உதாரணமாகப் பல்லாண்டு கற்பித்தும் வந்தேன். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, மழை பெய்து ஓய்ந்தவுடன் வெயில் எறிக்கின்றதே, அப்பொழுது ஊரிலுள்ள இலையெல்லாம் ஏன் கருகவில்லை?” என்று வினவினான். விடை கூற அறியாது நின்றேன். எளிய அவ்வினாவை அத்தனை ஆண்டுகளாக யான் என்னிடமே கேட்டிலன் என்பதே எனக்கு நாணத்தைத் தந்தது.

விடை அப்பாடத்திலேயே இருந்தது. நீரின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.33. முழுக்கோள வடிவான நீர்த்துளி ஒன்றின் குவியம், துளியின் மறுபுறத்துக்கு அப்பால், ஏறத்தாழ அதன் ஆரையளவு தூரத்தில் விழும். தட்டையாகப் படிந்த துளியின் குவியமோ இன்னும் தொலைவில் விழும். இலை துளியோடு ஒட்டியிருப்பதால் ஒளி அங்கு குவிவதில்லை. மேலும், துளியின் நீர் இலையைக் குளிரச்செய்கின்றது. ஆதித்த வெயிலில் இதனைப் பரிசோதித்த அங்கேரி நாட்டு ஆய்வாளர் 2010ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். மயிரற்ற இலைமீது வைத்த கண்ணாடிக் குண்டுகள் இலையைச் சுட்டன, நீர்த்துளிகள் சுடவில்லை. ஆயின், சல்வீனியா என்னும் மிதக்கும் பன்னத்தின் இலையிலே, நீரை ஒட்டவிடாத மயிர்கள் துளியை மேலே தாங்கி நிற்பதால், குவியம் இலைமீது விழுந்து கருகல் உண்டாகக் கூடும் எனவும் கண்டனர். விதிவிலக்கு உண்டு, நம் முற்றத்துச் செடிகளுட் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தாது.

அவ்வாறாயின் ஆச்சி கூறியது முற்றும் பொய்யோ? அன்று. நம் கிணறுகளுட் பல உவர்த்தன்மை வாய்ந்தவை. உவர்நீரை வெயிலில் இலைமீது தெளித்தால், நீர் விரைவில் ஆவியாக, உப்பு இலைமேற் செறிந்து நின்று இலைவிளிம்பைக் கருக்கும். வெயிலிற் கிடந்த குழாயிலிருந்து முதலில் வரும் வெந்நீரும் இளஞ்செடியைக் கெடுக்கும். ஆகவே முன்னோர் கண்ட கருகல் மெய். அதற்கு வில்லையைக் காரணமாகக் கற்பித்தவரே தவறினர். கற்பித்தவருள் யானும் ஒருவன்.

நண்பகலில் நீரைத் தெளித்தல் விரும்பத்தகாததற்கு மற்றொரு காரணம், அது மண்ணைச் சேருமுன்னரே ஒரு பகுதி வீணாக ஆவியாதல். மாலையில் இலை நனைய வார்த்தால் இரவெல்லாம் ஈரம் நின்று பங்கசு நோய்க்கு இடமாகும். காலையே தக்க வேளை. எனினும், நட்ட நாற்று நண்பகலில் உண்மையாகவே வரட்சியால் மடியுமெனின், மாலைவரை காத்திராது அதன் அடியில் நீர் வார்த்தலாற் கேடில்லை.

நாடோறும் சிறிது சிறிதாகத் தெளித்தல் நன்று என்பதும் பலர் கொள்கை. நாற்றுக்கு அது பொருந்தும்; வேரூன்றிய செடிக்குப் பொருந்தாது. மேல்மண் மாத்திரம் நனைந்தால், வேரும் மேலேயே படரும். ஒருநாள் நீர் தவறினும் அச்செடி தாங்காது. இடைவிட்டு ஆழ நனையும்படி வார்த்தலே நன்று. இனி, பூச்சாடியின் அடியிற் கல்லையும் ஓட்டையும் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்பர். நுண்மண்ணில் மயிர்த்துளைக் கவர்ச்சியாற் பற்றப்பட்ட நீர், பெரிய வெளிகளையுடைய கல்லினுள் எளிதில் இறங்காது. மண் முற்றும் நனைந்து நிரம்பிய பின்னரே வடியும். எனவே கற்படை, ஈரமிக்க பகுதியை வேருக்கு அண்மையில் உயர்த்துவதாகவே முடிகின்றது. துளையை மறைக்க ஓட்டுத்துண்டு ஒன்று போதும்.

இவையெல்லாம் ஒரு செடியின் வாழ்வைப் பற்றியன. ஆனால் நம் குடாநாட்டில் இக்கேள்வி செடியோடு முடிவதில்லை. இங்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரியில் பெய்யும் மழையே சுண்ணக்கல்லினூடு இறங்கி, உவர்நீரின் மீது மிதக்கும் நன்னீராய் நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு என்பது விதி. மேலே 1 அடி குறையின், கீழிருந்து உவர் எவ்வளவு உயரும் என்பதை மாணவர் கணித்துக் கொள்க. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே நீருக்கு ஓர் எல்லையாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தபின் அவ்வெல்லை நீங்கிற்று.

வேர் கொள்ளாத நீர் எங்கே போகின்றது? இட்ட உரத்தின் நைத்திரேற்றைக் கரைத்துக்கொண்டு, வெடிப்புள்ள சுண்ணக்கல்லின் வழியே கிணற்றுக்கே மீள்கின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று ஆகும். தோட்டச்செய்கை மிகுந்த இடங்களிலுள்ள யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை கடந்திருத்தலை ஆய்வாளர் கண்டுள்ளனர். மிகுந்த நைத்திரேற்று, கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் குறைப்பது. செடிக்கு அன்பினால் வார்த்த மிகுநீர், குழந்தையின் பாற்கலயத்தில் நஞ்சாக மீள இடமுண்டு.

ஆதலின் செய்யத்தக்கவை சிலவே. மண்ணைத் தொட்டுப் பார்த்த பின்னரே நீர் வார்த்தல். இலைக்கன்றி அடிக்கு வார்த்தல். சருகு பரப்பி ஈரத்தைக் காத்தல். சாடிக்குத் துளையிடல் என்பனவாம். நீர் பாய்ச்சுவதினும் பயிரைக் காத்தல் நன்று என வள்ளுவர் உழவதிகாரத்திற் கூறியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அன்று வினவிய மாணவனுக்கு அடுத்த வகுப்பிலேயே, “யான் கற்பித்தது பிழை” என்று கூறி, கரும்பலகையில் ஒளிக்கதிர்களை வரைந்து விளக்கினேன். வகுப்பு நகைக்கும் என அஞ்சியிருந்தேன்; நகைக்கவில்லை. அதன்பின் அவர்கள் வினவும் வினாக்கள் பெருகின. பரம்பரையாய் வந்த சொல்லை எள்ளி நகைத்தலும் அறிவன்று. ஆராயாது ஏற்றலும் அறிவன்று. மண்ணில் விரலை வைத்துப் பார்த்தபின் முடிவுசெய்தலே அறிவாம்.