வெயில் நாட்டில் ஓர் ஒளியறை

உணவும் உடையும் போலவே உறையுளும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதது. உணவும் உடையும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. உறையுளும் அவ்வாறே வேறுபடுதல் இயல்பு. பனி நாட்டார் அணியும் கம்பளி உடையைக் காவிரிக் கரையில் வாழ்வோர் சித்திரைத் திங்களில் அணிவரோ? அணியார். ஆயினும், பனி நாட்டு வீட்டின் பகுதியொன்றை அப்படியே கொண்டுவந்து நம் வீட்டோடு சேர்க்க நினைப்போர் இந்நாளில் உளர்.

பழைய வீட்டைப் புதுப்பிப்போர் பலர், வீட்டின் முன்னோ பக்கத்திலோ வெளிச்சம் நிறைந்த ஓர் அறையைக் கூட்டிக் கட்ட விரும்புகின்றனர். முதியோர் அமர்ந்து இளைப்பாறவும், சிறுவர் படிக்கவும், பெண்டிர் தையல் முதலிய வேலை செய்யவும் அத்தகைய அறை பெரிதும் பயன்படும். இதனை நாம் ஒளியறை என்று அழைப்போம். இவ்விருப்பம் நல்லதே. ஆனால், வெயிலும் புழுக்கமும் புயலும் ஒருங்கே வாய்ந்த தஞ்சை நாட்டில் ஒளியறையை எவ்வாறு அமைப்பது என்பதுதான் ஆராய்வதற்கு உரியது.

இங்கிலாந்து முதலிய குளிர்நாடுகளில் கண்ணாடியால் ஆகிய அறைகள் மிகுதி. இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில், வெப்ப நாட்டுப் பனை வகைகளை வளர்ப்பதற்கென்றே இரும்பும் கண்ணாடியும் கொண்டு ஒரு பெரிய மாளிகை அமைத்தனர். அதன் வேலை 1848ஆம் ஆண்டு நிறைவுற்றது. கண்ணாடி, கதிரவன் ஒளியை உள்ளே விடும். அவ்வொளியால் சூடேறிய தரையும் சுவரும் வெளிவிடும் வெப்பக் கதிர்களை எளிதில் வெளியே விடாது. சூடேறிய காற்று வெளியேறவும் வழி இராது. ஆகவே உள்ளே வெப்பம் சேர்ந்துகொண்டே போகும். குளிரால் நடுங்குவோர்க்கு அது பெரிய நன்மை. ஆனால் நம் நாட்டிலோ? தெளிந்த வானத்தில் உச்சிவேளைக் கதிரவன் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைப் பொழிகின்றான். நான்கு சதுர மீட்டர்க் கண்ணாடிக் கூரையின் கீழ் அமர்வது, எரியும் சில அடுப்புகளின் நடுவே அமர்வதை ஒக்கும்.

வெப்பத்தோடு புழுக்கமும் நமக்கு உண்டு. நம் உடலில் தோன்றும் வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கின்றது. கடலும் வயலும் வாய்க்காலும் சூழ்ந்த நாட்டில் காற்றில் ஈரம் மிகுதி. ஆதலின் வியர்வை எளிதில் உலர்வதில்லை. காற்று அசைந்தால்தான் அது உலரும். வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடும் முறை, வறண்ட நாட்டில் தரும் குளிர்ச்சியை ஈரம் மிக்க கடலோரத்தில் தருவதில்லை. அதற்கும் காரணம் இதுவே. எனவே இந்நாட்டின் ஒளியறைக்குக் கண்ணாடியினும் நிழலும் காற்றோட்டமும் இன்றியமையாதன.

இவ்வுண்மையை நம் முன்னோர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். தஞ்சை நாட்டுப் பழைய வீட்டின் அமைப்பை நோக்குக. தெருவை ஒட்டித் திண்ணை; அதனைக் கடந்தால் நடை; நடையின் முடிவில் கூடம்; கூடத்தின் நடுவே வானம் பார்த்த முற்றம்; முற்றத்தைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம்; பின்னே கொல்லை. முற்றமே அவ்வீட்டின் ஒளியறை எனலாம். வெயில் முற்றத்தில் விழும். அதன் ஒளி மட்டும் தாழ்வாரத்தைக் கடந்து கூடத்துக்குள் பரவும். சூடான காற்று மேலெழுந்து முற்றத்தின் வழியே வெளியேற, திண்ணைப் பக்கமிருந்தும் கொல்லைப் பக்கமிருந்தும் புதிய காற்று உள்ளே வரும். இத்தகைய அமைப்பை நேரில் காண விரும்புவோர், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ரா என்னும் காட்சிக்கூடத்தில் தஞ்சை வட்டார உழவர் வீட்டைக் காணலாம்.

பிற நாட்டாரும் இந்நாட்டுக்கு வந்தபோது இப்பாடத்தைக் கற்றனர். குளிர் மிக்க டென்மார்க்கிலிருந்து வந்தோர் 1620ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். 1845ஆம் ஆண்டு அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். இடைப்பட்ட காலத்தில் தங்கள் ஆளுநருக்கு அவர்கள் கட்டிய மாளிகையின் முகப்பில் இருப்பது கண்ணாடிச் சுவர் அன்று. பருத்த தூண்கள் தாங்கும் அகன்ற தாழ்வாரமே. தாய்நாட்டில் வெயிலை வரவேற்றவர்கள், இங்கே நிழலை வரவேற்றனர்.

இனி, ஒளியறை அமைக்கும் முறையைக் காண்போம். முதலில் ஆராய வேண்டியது திசை. தஞ்சை, நிலநடுக் கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகை தொலைவில் உள்ளது. ஆதலால் வேனிற் காலத்தில் உச்சிவேளைக் கதிரவன் பெரும்பாலும் தலைக்கு நேராகவே நிற்பான். டிசம்பர்த் திங்களில் மட்டும் தெற்கே நன்கு சாய்ந்து செல்வான். காலையிலும் மாலையிலும் அவன் தாழ நிற்பதால், கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் நேர் வெயிலை ஏற்கின்றன. எவ்வளவு நீண்ட இறவாரமும் தாழ்ந்த வெயிலைத் தடுக்க இயலாது. மேற்கு வெயில் மிகக் கொடிது. பகலெல்லாம் சூடேறிய வீட்டை அது மேலும் சுடும். எனவே ஒளியறை தெற்கையோ வடக்கையோ நோக்கியிருத்தல் நன்று.

தெற்கு நோக்கிய அறைக்கு மூன்றடி இறவாரம் அமைத்தால் விளைவது என்ன? மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் உச்சிவேளையில் கதிரவன் அடிவானத்திலிருந்து 79 பாகை உயரத்தில் இருப்பான். அப்போது அவ்விறவாரத்தின் நிழல் பதினைந்து அடி கீழ்வரை விழும். சுவர் முழுவதும் நிழலில் இருக்கும். டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாளிலோ உயரம் 56 பாகைதான். அப்போது நிழல் நாலரை அடி அளவே இறங்கும். அதன் கீழே இளவெயில் அறைக்குள் நுழையும். வெயில் வேண்டாத காலத்தில் நிழலும், வேண்டிய காலத்தில் வெயிலும் ஒரே இறவாரத்தால் கிடைப்பதைக் காண்க.

அடுத்தது காற்று. தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் தமிழர் பெயரிட்டு வழங்கினர். காற்று உள்ளே வர ஒரு வழி இருந்தால் மட்டும் போதாது. வெளியேற எதிர்ப்புறத்திலும் வழி வேண்டும். வெளியேறும் வழி, உள்வரும் வழியினும் சிறிதாதல் கூடாது. சாளரத்தின் அடிப்பகுதி, அமர்ந்திருப்போர் உடலில் காற்றுப் படும் அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும். கூரையை ஒட்டியும் சிறு திறப்புகள் இருந்தால் சூடான காற்று அவற்றின் வழியே வெளியேறும். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டும் சுவரும் மிகப் பயனுள்ளது. அது ஒளியையும் காற்றையும் விட்டு, வெயிலைத் தடுக்கும். கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) இத்தகைய சுவர்களைப் பல கட்டடங்களில் அமைத்துப் புகழ் பெற்றார்.

சிலர், மழைக்கு அஞ்சிப் பழைய முற்றத்தை ஒளிபுகும் தகட்டால் இறுக மூடிவிடுகின்றனர். ஒளி வருகின்றது, ஆனால் சூடான காற்று வெளியேறும் வழி அடைபடுகின்றது. மூடியே தீரவேண்டுமெனில், அத்தகட்டைக் கூரைக்கு மேல் ஓரிரண்டு அடி உயர்த்தி, நாற்புறமும் திறந்துவிடுதல் நன்று.

மண்ணின் இயல்பையும் மறத்தல் ஆகாது. காவிரிப் படுகையின் பல பகுதிகளில் உள்ள களிமண், நீர் பட்டால் பருக்கும்; உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். பழைய வீடு பல்லாண்டுகளாக மண்ணில் அமர்ந்து நிலைபெற்றது. புதிய அறையோ இனிமேல்தான் அமர வேண்டும். இரண்டின் சுவர்களையும் பிணைத்துக் கட்டினால், சில ஆண்டுகளில் இணைப்பில் வெடிப்பு உண்டாகும். அதன் வழியே மழைநீர் இறங்கும். ஆதலின் புதிய அறையின் கடைக்காலைப் பழைய வீட்டின் கடைக்கால் அளவுக்கேனும் ஆழமாக இடுதல் வேண்டும். இரு சுவர்களுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டு, அதன் மேல் மழைநீர் புகாதபடி மூடி அமைத்தல் வேண்டும். வெள்ளம் தேங்கும் ஊராயின், தரையையும் பழைய வெள்ளத்தின் மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டும்.

இவை யாவற்றினும் முதன்மையானது புயல். 1952ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாளும், 1977ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாளும் கடும் புயல்கள் நாகப்பட்டினப் பகுதியைத் தாக்கின. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன், கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. ஓடுகளும் தகரக் கூரைகளும் பறந்தன. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மூன்றும் கார்த்திகையை ஒட்டிய நாட்களில் வந்தவை என்பதைக் கருதுக. சம்பா நெல் வயலில் நிற்கும் காலம் அது. வயலை நீரும் வீட்டைக் காற்றும் ஒரே இரவில் கொண்டுபோனால், அக்குடும்பம் மீள எத்தனை ஆண்டுகள் ஆகும்!

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர்ப் பரப்பை ஏறத்தாழ 4 கிலோகிராம் எடையளவு அழுத்தும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 17 கிலோகிராம். 120 கிலோமீட்டர் வேகத்தில் 68 கிலோகிராம். கஜாப் புயலின் வீச்சு அவ்வப்போது இவ்வளவு வேகத்தை எட்டியது. மெல்லிய கண்ணாடி இதனை எவ்வாறு தாங்கும்? ஒரு சாளரம் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து மேலே தள்ளும். அதே வேளையில் கூரையின்மேல் ஓடும் காற்று அதனை மேல்நோக்கி இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் கூரை பெயர்ந்துவிடும். கூரை போனபின் சுவர் நெடுநேரம் நில்லாது.

ஆகவே ஒளியறையின் சாளரங்களுக்கு வெளிப்புறம் உறுதியான மரக்கதவுகள் இருத்தல் வேண்டும். புயல் வருமுன் அவற்றைச் சாத்தித் தாழிட வேண்டும். கைம்மரத்தை உத்திரத்தோடும், உத்திரத்தைத் தூணோடும், தூணைக் கடைக்காலோடும் இரும்புப் பட்டையாலும் மரையாணியாலும் பிணைத்தல் வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் பயனில்லை. கடலோர ஊர்களில் உப்புக் காற்று இரும்பை அரிக்கும். எனவே துத்தநாகம் பூசிய பட்டைகளையே பயன்படுத்தி, ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் அவற்றைச் சோதித்தல் வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நிழலுக்கு நீண்ட இறவாரம் வேண்டும் என்றோம். புயற்காற்றோ நீண்ட இறவாரத்தையே முதலில் பற்றித் தூக்கும். இரண்டையும் எவ்வாறு இணைப்பது? ஒளியறையின் கூரையை வீட்டின் பெரிய கூரையின் நீட்சியாக அமைக்காமல், அதற்குக் கீழே தனிக் கூரையாக அமைப்பதே வழி. அக்கூரையையும் இறவாரத்தையும் முன் கூறியவாறு தூண்களோடு பிணைத்தல் வேண்டும். எல்லை மீறிய புயலில் அக்கூரை போயினும் வீட்டின் கூரை நிற்கும். மேலும், தென்னை முதலிய நெடுமரங்கள் விழுந்தாலும் எட்டாத தொலைவில் அறையை அமைத்தல் அறிவுடைமை.

எவ்வளவு திறம்படக் கட்டினாலும் ஒளியறை புயலில் ஒதுங்கும் இடம் அன்று. புயல் எச்சரிக்கை வந்தவுடன் அங்குள்ள பொருள்களை உள்ளே எடுத்துவிட்டு, வீட்டின் நடுவே உள்ள வலிய அறைக்குச் செல்ல வேண்டும். வீடு வலிமையற்றதாயின், அரசு குறித்த பாதுகாப்பு இல்லத்துக்கு முன்னரே சென்றுவிடல் வேண்டும். பொருள் போனால் மீண்டும் ஈட்டலாம். உயிர் போனால் மீளாது.

ஒளி வேண்டும் என்பதில் நமக்கும் குளிர்நாட்டார்க்கும் வேற்றுமை இல்லை. அதனைப் பெறும் வழியே வேறு. அவர்கள் காற்றை அடைத்து ஒளியைப் பெறுகின்றனர். நாம் காற்றைத் திறந்துவிட்டு, நிழலின் வழியே ஒளியைப் பெற வேண்டும். இன்று மாலை உங்கள் வீட்டைச் சுற்றி வந்து, வெயில் எங்கே விழுகின்றது, காற்று எவ்வழியே புகுந்து எவ்வழியே செல்கின்றது, கூரை எதனோடு பிணைக்கப்பட்டுள்ளது என்று உற்று நோக்குங்கள். தான் வாழும் மண்ணையும் வானையும் அறிந்தவனே அவற்றுக்கு ஏற்ற வீட்டைக் கட்ட வல்லவன்.