தன் எடையைத் தானே தூக்குதல்



கீரமங்கலத்துத் தென்னந்தோப்புகளின் ஊடே விடியற்காலையில் நடந்து செல்பவர்கள், சாலையோரமாக ஓடிப் பழகும் இளைஞர்களைக் காணலாம். இராணுவத்தில் சேர விரும்புகிறவர்கள் அவர்கள். ஓட்டம் முடிந்ததும் உயரத்தில் கட்டிய இரும்புக் குழாயைப் பற்றித் தொங்கி, உடலை மேலே இழுத்து, மோவாயைக் குழாய்க்கு மேல் கொண்டுவருகிறார்கள். 'பீம்' என்பது இதற்கு அவர்களிடையே வழங்கும் பெயர். அவர்களில் சிலர் மாலையில் எடைப் பயிற்சிக் கூடத்துக்கும் செல்கிறார்கள். இவ்விரு பயிற்சிகளையும் எவ்வாறு இணைப்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

தரைப்படையின் ஆள்சேர்ப்பு உடல்தகுதித் தேர்வில், 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 60 மதிப்பெண்களும் பீமுக்கு 40 மதிப்பெண்களும் உச்ச அளவாகும். பத்து முறை இழுத்தால் 40, ஒன்பதுக்கு 33, எட்டுக்கு 27, ஏழுக்கு 21, ஆறுக்கு 16. ஆறுக்கும் பத்துக்கும் இடையே உள்ளவை நான்கே இழுப்புகள். ஆனால் மதிப்பெண்ணில் வேறுபாடு 24! வயது வரம்பு குறுகிய இத்தேர்வில் ஓர் ஆண்டை இழப்பது சிறிய இழப்பன்று. ஆகவேதான் இளைஞர்கள் அவசரப்படுகிறார்கள். அவசரத்தில் தவறு செய்கிறார்கள்.

அத்தவற்றில் எனக்கும் பங்கு உண்டு. நான் உடற்பயிற்சி ஆசிரியனாக இருந்தபோது, ஏழு முறை இழுக்கக்கூடிய ஒரு மாணவனை, "புயங்களைப் பெருக்கிக்கொள், பத்து தானே வரும்" என்று சொல்லி எடைப் பயிற்சிக்கு அனுப்பினேன். இரண்டு மாதங்களில் புயங்கள் பருத்தன. உடலின் எடையும் மூன்று கிலோ கூடிற்று. குழாயில் தொங்கினான், ஐந்துக்கு மேல் வரவில்லை. அவன் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவில் இருக்கிறது.

காரணம் எளிது. ஓர் இழுப்பில் உடல் ஏறத்தாழ அரை மீட்டர் உயர்கிறது என்று கொள்வோம். பத்து இழுப்புகளில் ஐந்து மீட்டர். சிறியதொரு தென்னையில் ஏறுவதற்கு ஒப்பாகும். தென்னை ஏறுகிறவருக்குக் கால்களின் துணை உண்டு. குழாயில் தொங்குகிறவனுக்கு அதுவும் இல்லை. கூடிய மூன்று கிலோவை ஒவ்வொரு முறையும் அவன் சுமந்தே ஏற வேண்டும். மேலும், இழுப்பது புயம் மட்டுமன்று. முதுகின் இருபுறமும் விரிந்து கிடக்கும் அகன்ற தசைகளே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. அத்தசைகளைத் தக்க நேரத்தில் ஒன்றாக இயக்க நரம்புகள் பழக வேண்டும். பயிற்சியின் முதல் சில வாரங்களில் காணும் முன்னேற்றம் பெரிதும் இப்பழக்கத்தால் வருவதே. இழுக்கப் பழகுவதற்கு இழுப்பதே முதல் வழி.

அவ்வாறாயின் எடைப் பயிற்சி வீணா? இல்லை. 1945-ஆம் ஆண்டில் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர், நலிந்த தசைகளுக்குச் சிறிது சிறிதாக எடையைக் கூட்டி வலிமையூட்டும் முறையை விளக்கி எழுதினார். படிப்படியாகக் கூட்டுதல் என்ற அந்த விதியே நமக்கும் வழிகாட்டி.

வாரத்தில் மூன்று நாட்கள், ஒருநாள் விட்டு ஒருநாள், பீம் பழகுங்கள். உங்களால் நான்கு முறை இழுக்க முடியுமென்றால், நான்கையும் ஒரே மூச்சில் செய்து களைத்துப் போகாதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த சுற்றில் இரண்டு, அதற்கடுத்து ஒன்று, ஆக மொத்தம் ஏழே வரும். சுற்றுக்கு இரண்டு வீதம், இடையே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வுடன், ஐந்து சுற்றுகள் செய்யுங்கள்; களைப்பின்றிப் பத்து வந்துவிடும். வாரந்தோறும் ஓரிரண்டு கூட்டுங்கள். ஒரு முறைகூட இழுக்க முடியாதவர்கள், நாற்காலியின் மேல் ஏறி மோவாயைக் குழாய்க்கு மேல் வைத்துக்கொண்டு, ஐந்து வரை எண்ணியபடி மெல்லக் கீழிறங்கிப் பழகலாம்.

எடைப் பயிற்சி பீமுக்குப் பின் வரட்டும்; வாரத்தில் இரண்டு நாட்கள் போதும். முன்னோக்கிக் குனிந்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு, எடையை வயிற்றை நோக்கி இழுக்கும் பயிற்சியே இதற்கு மிகவும் உதவுவது. தேர்வில் ஓட்டத்துக்குப் பின்னரே பீம் வருவதால், வாரத்தில் ஒருநாள் ஓடி முடித்த பிறகு இழுத்துப் பாருங்கள். முழங்கையிலோ தோளிலோ கூரிய வலி தோன்றினால் அன்றே நிறுத்திவிடுங்கள்; வலியை அடக்கிக்கொள்வது வீரமன்று. ஓய்வு நாட்களைக் கழிக்காதீர்கள்; உழைத்த தசை தேறுவது ஓய்விலும் உறக்கத்திலுமே.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதித் தென்னைகளைச் சாய்த்தது. மீண்டும் கன்று நட்டவர்கள், ஒரே நாளில் நூறு குடம் நீரை ஊற்றி மறுநாள் காயை எதிர்பார்க்கவில்லை. அளவாக ஊற்றினார்கள், நாள் தவறாமல் ஊற்றினார்கள். உடலும் அத்தகைய பயிரே. தேர்வு நாளுக்கு ஆறு மாதங்கள் முன்னரே தொடங்குங்கள், அளவாகச் செய்யுங்கள், பத்தாவது இழுப்பு உங்களுடையதாகும்.