பாரம் இழுக்கும் தானியங்கிக் கியர்

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் ஏ9 வீதியில், அக்குறணைக்கு அப்பால் உள்ளது அலவத்துகொட. இத்தகைய மலைநாட்டு வீதிகளில் பாரம் இழுக்கும் வண்டி திணறினால், எஞ்சினுக்கு வலுப் போதாதென்றே நாம் எண்ணுகிறோம். தானியங்கிக் கியர் பூட்டிய வண்டியைப் பொறுத்தவரை இது பாதி உண்மையே. மறுபாதி, கியர்ப்பெட்டியின் எண்ணெயில் இருக்கிறது.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 2000 கிலோ எடையுள்ள வண்டி, 1000 கிலோ இழுவைப்பெட்டியுடன், பத்தடிக்கு ஓரடி உயரும் சாய்வில் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுகிறது. சாய்வை வெல்ல மாத்திரம் சக்கரங்களுக்கு 40 பரிவலு வேண்டும். 1867-இல் கண்டிக்கு வந்த ரயில்பாதை, கடுகண்ணாவ மலையில் ஏறக்குறைய 44 அடிக்கு ஓரடியே உயர்கிறது. அதற்கே நீராவிக் காலத்தில் பின்னாலும் ஓர் எஞ்சின் நின்று தள்ளிற்று!

தானியங்கிக் கியரில் எஞ்சினையும் கியரையும் இணைப்பது முறுக்கு மாற்றி. 1905-இல் ஜெர்மானியரான ஹெர்மன் ஃபொட்டிங்கர் கப்பல்களுக்கென வகுத்த தத்துவம் இது. எஞ்சின் சுழற்றும் சக்கரம் எண்ணெயை வீச, அவ்வெண்ணெய் எதிர்ச்சக்கரத்தைத் திருப்புகிறது. பாரம் மிகுந்தால் வழுக்கலும் மிகும். எஞ்சின் தரும் வலுவில் ஐந்திலொரு பங்கு அங்கே வீணானால், எஞ்சின் 50 பரிவலு தரவேண்டும்; அதில் 10 வெப்பமாகிவிடும். ஆயிரம் வாற்று மின்கேத்தல்கள் ஏழு ஒருங்கே கொதிப்பதற்கொப்பான சூடு அது. எண்ணெய் கறுத்துக் கருகிய மணம் வீசுவதும், கிளச்சுத் தட்டுகள் தேய்வதும் இதனாலேயே.

ஆகவே, எஞ்சினை மாத்திரம் வலுப்படுத்தினால் கியர்ப்பெட்டியின் சுமையையே கூட்டுவோம். முதலில் கியர் எண்ணெய்க்குத் தனிக் குளிராக்கி பூட்டுவது நன்று. அடுத்து, பின்னச்சின் பற்சக்கர விகிதத்தை மாற்றலாம். ஓட்ட வேகம் குறையும், இழுவை பெருகும், வழுக்கலும் தணியும். முறுக்கு மாற்றியின் இரு சக்கரங்களையும் பிணைக்கும் பூட்டுக் கிளச்சு செவ்வையாக வேலை செய்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும். எஞ்சினைத் தொடுவது இவற்றின் பின்னரே.

ஏற்றிய பாரத்தை இறக்கவும் வேண்டுமே! இறக்கத்தில் தாழ்ந்த கியரைப் போட்டு, எஞ்சினையே தடையாகக் கொண்டு இறங்குதல் அவசியம். பிரேக்கை ஓயாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். வண்டிக்கும் இணைப்புக் கொளுவிக்கும் குறித்த எடைவரம்பை எந்த மாற்றமும் உயர்த்திவிடாது. பிரேக்குக்கு அடங்காத பாரத்தை இழுக்கும் வலுவினால், வீதியில் செல்வோர்க்குக் கேடேயன்றி எவர்க்கும் பயனில்லை.