எண்ணைப் பார்க்காதீர், சுவரைப் பாருங்கள்!

வரவேற்பறையில் ரூட்டர், உள்ளறையில் பிள்ளைகள் படிக்கும் கணினி, இடையே ஓரிரு சுவர்கள். திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையை ஒட்டிய வீடுகளாயினும், தாம்பரத்து அடுக்குமாடிகளாயினும் இவ்வமைப்பு பரவலாகக் காணப்படுவதே. மேசைக் கணினிகள் பலவற்றில் வைஃபை வசதி இருப்பதில்லை. அதற்கான அட்டையைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும்.

சிறு பொருள்தானே என எண்ணிவிடாதீர்கள். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணைய வழியே நடைபெறுகிறது. கல்லூரி விருப்பப் பட்டியலைப் பதிவு செய்யும் வேளையில் தொடர்பு அறுந்தால் பிள்ளைகள் படும் பதற்றத்தைப் பெற்றோர் அறிவர்.

அட்டையின் உறையில் '3000' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 2402 மெகாபிட்டையும், 2.4 கிகாஹெர்ட்ஸின் 574 மெகாபிட்டையும் கூட்டி முழுமையாக்கிய தொகை அது. கணினியோ பொதுவாக ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில்தான் இணையும். நீங்கள் பெற்றிருப்பது 100 மெகாபிட் இணைப்பெனில், எந்த அட்டையும் இணையத்தை அதற்குமேல் விரைவாக்காது.

ஆகவே வீட்டுச் சுவர்களைக் கவனியுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு எளிதாகக் கடக்கும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. அண்டை வீட்டார் அனைவரும் அவற்றையே பங்கிடுவதால் நெரிசல் மிகும். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் மிகுதி. எனினும் சுவரில் விரைவில் வலுவிழக்கும். இரண்டையும் ஏற்கும் அட்டையே நன்று. உங்கள் ரூட்டரும் அவற்றை ஏற்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.

மதர்போர்டில் செருகும் அட்டையாயின், ஆன்டெனா இரும்புப் பெட்டியின் பின்புறம் சுவரோரமாக மறைந்துவிடும். ஆன்டெனாவை மேசைமீது வைக்கும்படி நீண்ட கம்பியுடன் வருவதைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியைத் திறக்கத் தயங்குவோர்க்கு யுஎஸ்பி வகை எளிது. அதையும் சிறு நீட்டிப்புக் கம்பி கொண்டு பெட்டியிலிருந்து விலக்கி வைப்பதே சிறப்பு. கணினியின் விண்டோஸ் பதிப்புக்குரிய டிரைவர் மென்பொருள் கிடைக்கிறதா என்பதையும் கடையிலேயே கேட்டறியுங்கள்.

இறுதியாக ஒன்று. சுவரோரமாக லேன் கம்பி இழுக்க இயலுமாயின், அட்டையே தேவையில்லை. 100 மீட்டர் வரை அக்கம்பி தடையின்றிப் பணியாற்றும். சுவரும் அண்டை வீட்டு அலையும் அதனைத் தீண்டா. கடைக்குப் புறப்படுமுன் ஓர் அளவு நாடாவை எடுத்து, ரூட்டருக்கும் கணினிக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து பாருங்கள். வீண் செலவு மிஞ்சக்கூடும்.