செல்லோவும் என் செல்லப் பேத்தியும்

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் சங்கீதம் கற்கிறார்கள் என்றால், அது வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிஞ்சிப்போனால் மிருதங்கமாக இருக்கும். அக்கம்பக்கத்துச் சகவாசத்தால் கொஞ்சம் ரவீந்திர சங்கீதமும் ஒட்டிக்கொள்ளும். என் பேத்தி மட்டும் ஒன்பது வயதில், தன்னைவிடக் கனமான ஒரு பெட்டியைக் காட்டி, "தாத்தா, எனக்கு இதுதான் வேணும்" என்றாள். பெட்டிக்குள் இருந்தது செல்லோ.

"பெரிய வயலின்தானே?" என்றேன். "இல்ல தாத்தா, இது வேற" என்றாள். என்ன வேறு என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. தென்கிழக்கு ரயில்வேயின் கார்டன் ரீச் அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கோப்புகளோடு மல்லுக்கட்டியவனுக்கு அதற்கெல்லாம் ஏது பொறுமை!

பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும், கல்லூரியில் இசையையே படிக்கப்போவதாகச் சொன்னாள். என் மகன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "செல்லோ வாசிச்சா யாருப்பா சோறு போடுவா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். பதில் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. எட்டு வருஷமாகப் பக்கத்து அறையில் கேட்ட வாத்தியத்தைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அதன்பின் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை, இதே கேள்வியோடு நிற்கும் மற்ற பெற்றோருக்கும் பயன்படுமே என்று இம்மலரில் எழுதுகிறேன்.

கருவியும் சுருதியும்

செல்லோ சுமார் நான்கடி உயரம் உள்ளது. நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, அடியிலுள்ள உலோகக் கம்பியைத் தரையில் ஊன்றி வாசிக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்குக் கால், அரை, முக்கால் என்று சிறிய அளவுகளும் உண்டு. பிள்ளை வளர வளரச் சட்டை மாற்றுவதுபோல வாத்தியத்தையும் மாற்ற வேண்டும். செலவு அங்கேயே ஆரம்பம்!

இதற்கு நான்கு தந்திகள். நம் கணக்கில் சொன்னால், அடித்தந்தி ஒரு கட்டை சட்ஜமம், அதுவும் மிகத் தாழ்ந்த ஸ்தாயியில். அடுத்தது பஞ்சமம், அதற்கடுத்தது மேல் ஸ்தாயி சதுச்ருதி ரிஷபம், கடைசி அதன் பஞ்சமம். நம் வித்வான்கள் வயலினைச் ச-ப-ச-ப என்று சேர்ப்பார்கள். இங்கே ஒவ்வொரு தந்தியும் முந்தைய தந்திக்குப் பஞ்சமம். ஆண் குரலின் அடி ஆழத்திலிருந்து பெண் குரலின் உச்சி வரை இந்த ஒரே வாத்தியம் எட்டும். மனிதக் குரலுக்கு நெருங்கிய வாத்தியம் என்று பலரும் சொல்வது இதனால்தான்.

வீணையைப்போல மெட்டுகள் கிடையாது. விரல் எங்கே விழ வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். வயலினைவிட ஸ்வரங்களுக்கு இடையே தூரம் அதிகம் என்பதால் கை முழுவதும் ஓடியாக வேண்டும். உச்ச ஸ்வரங்களுக்குக் கட்டைவிரலையே தந்திமேல் படுக்கவைக்கிறார்கள். என் பேத்தியின் கட்டைவிரல் ஓரத்தில் காய்ப்பு ஏறியிருப்பதை நான் கவனித்ததே போன வருஷம்தான்.

இந்த ஊரில் எப்படி?

'கல்கத்தாவில் இதற்கெல்லாம் யார் இருக்கிறார்கள்?' என்று நினைத்தேன். என் அறியாமை! பிலிப் சாந்த்ரே என்பவர் தொடங்கிய கல்கத்தா ஸ்கூல் ஆஃப் மியூசிக் 1915 முதல் இங்கே இருக்கிறது.

அதைவிட என்னை வியக்கவைத்தது பெஹாலா கதை. அங்குள்ள ஆக்ஸ்போர்டு மிஷனில் தியடோர் மாத்தீசன் என்ற பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்கு மேற்கத்தியத் தந்தி வாத்தியங்களைக் கற்றுத்தந்தார். அப்படிக் கற்ற வங்காளச் சிறுவர்களில் ஒருவர் அனூப் குமார் பிஸ்வாஸ். லண்டன் ராயல் இசைக் கல்லூரிக்குச் சென்று படித்து, பியர் ஃபூர்னியே போன்ற மேதைகளிடம் பாடம் கேட்டு, உலக மேடைகளில் செல்லோ வாசித்தவர். அதோடு நிற்காமல், தன் குருவின் பெயரிலேயே 1994-ல் கொல்கத்தாவில் ஏழைக் குழந்தைகளுக்காக மாத்தீசன் இசைப் பள்ளியை நிறுவினார். ஒரு வாத்தியார், ஒரு மாணவன், அந்த மாணவன் வைத்த பள்ளிக்கூடம்! குருபரம்பரை என்று நாம் சொல்வதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

'நமக்கு ஒட்டாத சங்கீதம்' என்பாருக்கும் ஒரு வார்த்தை. வயலினும் வெள்ளைக்காரன் வாத்தியம்தான். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கற்று நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா?

தயாரிப்பு என்றால் என்ன?

இசைக் கல்லூரிக்கு மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. வாசித்துக் காட்ட வேண்டும். தூரத்து மாணவர்களிடம் பல கல்லூரிகள் ஒளிப்பதிவை ஏற்கின்றன. இங்கிலாந்துக் கல்லூரிகளுக்கு, படிப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டின் அக்டோபர் தொடக்கத்திலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது பன்னிரண்டாம் வகுப்பின் நடுப்பகுதி!

பொதுவாக எதிர்பார்ப்பவை இவை: பாக் இயற்றிய தனிச் செல்லோத் தொகுப்பிலிருந்து ஒரு பகுதி, ஒரு கன்செர்டோ அல்லது சொனாட்டாவின் ஒரு பகுதி, விரல் பயிற்சிக்கான உருப்படி, நம் சரளி வரிசைபோன்ற ஸ்வர வரிசைகள். நேரில் போனால், முன்பின் பார்க்காத இசைக்குறிப்பைக் கொடுத்து அங்கேயே வாசிக்கவும் சொல்வார்கள். டிரினிட்டி முதலிய தேர்வு வாரியங்களின் எட்டு நிலைகளை முடித்திருப்பது அடித்தளம் மாத்திரமே.

பாக் அந்த ஆறு தொகுப்புகளை எழுதியது சுமார் 1720-ல். நெடுங்காலம் அவற்றை வெறும் பயிற்சிப் பாடமாகவே பலரும் கருதினார்கள். 1890-ல் பாப்லோ கசல்ஸ் என்ற பதின்மூன்று வயதுப் பையன் பார்சிலோனாவில் ஒரு கடையில் அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்து, பன்னிரண்டு ஆண்டுகள் தனியே சாதகம் செய்த பிறகே மேடையேற்றினார். ஹைடனின் ஒரு கன்செர்டோவோ சுமார் இருநூறு ஆண்டுகள் காணாமல் போய் 1961-ல் பிராக் நகரில் கிடைத்தது. என் பேத்தி தேர்ந்தெடுத்தது அதைத்தான். "தொலைஞ்சுபோய்க் கிடைச்சது தாத்தா, அதான் பிடிக்கும்" என்றாள்.

காலை ஐந்து முதல் ஏழு வரை சாதகம். பிறகு பள்ளி, டியூஷன். இரவு மீண்டும் ஒன்றரை மணி நேரம். சத்தம் தொந்தரவாக இருக்குமோ என்று கீழ் வீட்டு மாஷிமாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நேற்று ஏன் வாசிக்கவில்லை?" என்று அவர் என்னைக் கேட்டார்.

மழைக்காலம்

நம் ஊர் ஆடி, ஆவணி ஈரம் அரிசியையே பூசணம் பிடிக்கவைக்கும். மரம் என்ன செய்யும்? போன ஆகஸ்டில், பதிவுக்கு மூன்று வாரம் இருக்கையில், செல்லோவின் பக்கவாட்டில் மேற்பலகை ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டு விட்டுவிட்டது. குழந்தை அழுத அழுகை! மருமகள், "மாமா, இது சகுனம்போல இருக்கே" என்று முணுமுணுத்தாள்.

பழுது பார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்சி டிக்கியில் அடங்காது. முன் சீட்டில் அது, பின்னால் நாங்கள். (விமானத்திலும் இதற்குத் தனி டிக்கெட் எடுப்பதுதான் வழக்கமாம்!) அவர் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தந்தி வாத்தியங்களை விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையால் ஒட்டுவது வழக்கமாம். வேண்டுமென்றேதான் அந்தப் பசை. ஈரத்தில் மரம் உப்பி, பனிக்காலத்தில் சுருங்கும்போது, பசை விட்டுக்கொடுக்கும், மரம் பிழைக்கும். கெட்டிப் பசையாக இருந்தால் பலகையே பிளந்துவிடும். பிரிந்த ஒட்டை மறுபடி ஒட்டலாம், பிளந்த பலகை பழையபடி ஆகாது. நான்கு நாளில் வாத்தியம் வீடு திரும்பியது.

அன்றிரவு இதை மகனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாள் அவள் அறைக்கு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வந்திறங்கியது.

சோறு யார் போடுவார்?

நேர்மையாகச் சொல்கிறேன், எளிதான வழி அல்ல. நிரந்தர இசைக்குழுக்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. மும்பையில் 2006-ல் உருவான சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா ஒன்று. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற கூடங்களில் கற்பிக்கலாம். திரைப்பட ஒலிப்பதிவும் உண்டு. செல்லோவை இந்துஸ்தானிக்கு ஏற்ப மாற்றியமைத்து வாசிக்கும் சாஸ்கியா ராவ் போன்றவர்கள் புது வாசலும் திறந்திருக்கிறார்கள். ஆக, வழி இருக்கிறது, குறுகல்.

விண்ணப்பித்த இரண்டில் ஒரு கல்லூரி மறுத்துவிட்டது. மற்றொன்று இடம் தந்தது, உதவித்தொகை தரவில்லை. அந்தத் தொகை எங்கள் சக்திக்கு மீறியது. மூன்று நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் என் மகனே சொன்னான்: "ஒரு வருஷம் பொறு கண்ணா. மறுபடி உதவித்தொகைக்கு எழுது. அதுவரை அப்பா வேற எதுவும் படின்னு சொல்லமாட்டேன்." முதலில் கேட்ட கேள்வியை அவன் அப்புறம் கேட்கவில்லை.

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில் அவளுக்கு இருபது நிமிடம் கொடுத்தீர்கள். தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு மனிதர்கள் முன்னால் வாசிக்கும் பழக்கத்தைவிடப் பெரிய உதவி கிடையாது. பாக் முடிந்ததும் முன்வரிசை மாமி ஒருவர், "இதுல கல்யாணி வருமாடி?" என்று கேட்டார். இவள் ஒரு நொடி யோசித்து, அடித்தந்தியைச் சட்ஜமமாக வைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தாள். கமகம் அங்கங்கே தடுமாறியதுதான். ஆனாலும் மாமி தொடையில் தாளம் போட்டதை நான் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த என் மகனும் பார்த்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை எந்த வாத்தியம் கற்றாலும், நம் மேடையில் இருபது நிமிடம் கேளுங்கள். அதற்கு முன், பக்கத்து அறைக்குப் போய் ஒருநாளாவது உட்கார்ந்து கேளுங்கள். நான் எட்டு வருஷம் தாமதமாகப் போனேன்.